வயிற்றில் புளி கரைக்கும் வண்டி

நீங்கள் எனக்குப் போட்டிருக்கும் நாற்காலியின் ஒரு கால் கட்டை, ஐயா. மாற்றச் சொல்லவில்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆடாத நாற்காலியில் உட்கார்ந்த மனிதன் சற்று நேரத்தில் நாற்காலியையே மறந்துவிடுகிறான். ஆடுகிற நாற்காலியை யாரும் மறப்பதில்லை. இதைத் தெரிந்து வைத்திருந்ததற்குத்தான் கம்பெனி இத்தனை வருடம் எனக்குச் சம்பளம் கொடுத்தது.

விபத்தில் சிக்கிய வண்டியை நீங்கள் பிரித்துப் பார்த்துவிட்டீர்கள். இனி சுற்றி வளைத்து உங்கள் நேரத்தை வீணடிப்பதில் அர்த்தமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கேட்டு முடித்தபின் என் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்று சொல்வீர்கள். வாய்விட்டுச் சொல்ல முடியாவிட்டாலும் மனதுக்குள் நினைத்துக்கொள்வீர்கள். அது போதும் எனக்கு.

எங்கள் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் நான் உணர்வுப் பிரிவின் தலைவன். சிரிக்காதீர்கள், என் மாமனாரும் நான் பெண் பார்க்கப் போன அன்று சிரித்தவர்தான். எஞ்சின் பிரிவு வண்டியை ஓட வைக்கும். பிரேக் பிரிவு அதை நிற்க வைக்கும். ஓட்டுகிறவன் மனதில் என்ன தோன்ற வேண்டும் என்பதை நான் முடிவு செய்வேன். சைலன்சரின் உறுமல் எந்தச் சுருதியில் இருக்க வேண்டும், சிக்னலில் நிற்கும்போது கண்ணாடி எவ்வளவு நடுங்க வேண்டும், சீட்டின் தோல் மோந்து பார்த்தால் என்ன வாசம் அடிக்க வேண்டும், எல்லாம் என் மேஜைக்கு வந்து என் தலையசைப்புக்காகக் காத்திருக்கும்.

இந்த வண்டியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். மஸில் க்ரூஸர் என்பார்கள். நீளமாக, தாழ்வாக, தோள் அகன்று இருக்கும். இரண்டரை லிட்டர் எஞ்சின். அதை வைத்து ஒரு சிறிய லாரியை இழுக்கலாம். நாங்கள் ஒரே ஒரு ஆளை இழுக்க வைத்தோம். பின்சக்கரத்து டயர் கார் டயரைவிட அகலம். விழுந்தால் தூக்கி நிறுத்த ஆள் திரட்ட வேண்டும். இவ்வளவு பெரிய எஞ்சின் எதற்கு என்று முதல் கூட்டத்திலேயே கணக்குப் பிரிவுக்காரர் கேட்டார். அவரை நாங்கள் அடுத்த கூட்டத்துக்கு அழைக்கவில்லை.

யார் வாங்குகிறார்கள் என்று கேட்டீர்கள். இளைஞர்கள் இல்லை, ஐயா. அவர்களிடம் பணமும் இல்லை, பயமும் இல்லை. எங்கள் வாடிக்கையாளர் ஐம்பதைத் தொட்டவர். பல் மருத்துவர், கட்டட ஒப்பந்தக்காரர், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பவர். தொப்பை இருக்கும், இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை இருக்கும். வீட்டில் அவர் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. வாரம் ஒருநாள் தோல் சட்டையை மாட்டிக்கொண்டு ஒரு காபிக் கடைவரை போவார். அங்கே தன்னைப் போன்ற நான்கு பேருடன் சேர்ந்து வண்டியைச் சுற்றி நின்று வண்டியைப் பார்ப்பார். பிறகு திரும்பி வருவார். அந்த ஒருநாளுக்காக மற்ற நாட்களைச் சகித்துக்கொள்வார். அவரை நான் கேலி செய்யவில்லை. அவரைப் போல என்னால் நேசிக்கப்பட்டவர் யாருமில்லை.

அவர் மனைவியைப் பற்றியும் யோசித்தோம். மனைவி வேண்டாம் என்று சொல்லாத வண்டியை எந்த ஆணும் வாங்கமாட்டான் என்பது எங்கள் ஆராய்ச்சி முடிவு. அதனால் ஷோரூமில் எஞ்சினைக் கிளப்பியவுடன் அந்த அம்மாள் காதைப் பொத்திக்கொள்ளும்படி சைலன்சரை அமைத்தேன். சட்டம் அனுமதித்த சத்தம்தான், ஒரு துளி கூடுதல் இல்லை.

முதல் மாதிரி வண்டி குற்றம் சொல்ல முடியாததாக இருந்தது. மோரில் வெண்ணெய் மிதப்பதுபோலப் போனது. எங்கள் வழக்கப்படி வாடிக்கையாளர் சிலரைச் சோதனைத் தடத்துக்கு அழைத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னோம். ஒரு பல் மருத்துவர் இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றி, “நல்லா இருக்கு சார், என் கார் மாதிரியே சொகுசா இருக்கு” என்றார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ‘நல்லா இருக்கு’ என்று ஒரு பொருளைச் சொன்னால் அதற்குக் கருமாதி செய்துவிட வேண்டியதுதான். கல்யாண வீட்டுச் சாப்பாட்டைக்கூட எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அடுத்த மாதிரியில் எஞ்சினின் இழுவையைக் கூட்டினோம். எதிர்பாராத ஒன்று நடந்தது. நல்ல வேகத்தில் நீண்ட வளைவில் சாயும்போது வண்டி தலையை ஆட்டியது. கைப்பிடி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று உதறிவிட்டு, பிறகு தானாகச் சமாதானமாகும். அதே பல் மருத்துவர் அதை ஓட்டிவிட்டு வந்தார். வண்டியை நிறுத்தினார், நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார், சிரித்தார். கண்ணில் தண்ணீர். “செத்தேன்னே நினைச்சேன் சார்” என்றார், குழந்தை மிட்டாயைக் காட்டுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு. உடனே மனைவிக்குப் போன் செய்து ஒன்றுமில்லாத விஷயத்தைப் பாசமாகப் பேசினார். கடைக்கு எப்போது வரும் என்று என்னிடம் மூன்று தடவை கேட்டார்.

நாங்கள் விற்பது வண்டி அல்ல என்பது எனக்கு அந்த நடைபாதையில்தான் புரிந்தது. வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டு, பிறகு பத்திரமாக வீட்டில் கொண்டுபோய் விடுவதைத்தான் விற்கிறோம். இரண்டில் முதலாவது இல்லாமல் இரண்டாவதற்கு மதிப்பில்லை.

இந்த இடத்தில்தான் என் மாப்பிள்ளை வருகிறார். என் தங்கையின் கணவர். எங்கள் கம்பெனியின் தலைமைச் சோதனை ஓட்டுநர். சீட்டில் உட்கார்ந்தால் அடித்து இறக்கியதுபோல உட்காருவார் என்பதால் தடத்தில் எல்லாரும் அவரை ஆணி என்பார்கள். பெருமை பீற்றுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சாப்பாட்டில் இரண்டாள். சீட்டு விளையாட்டில் திருடுவார், பிடிபட்டால் சிரிப்பார். வேலைக்கு அவரைச் சேர்த்துவிட்டது நான், தங்கையைக் கொடுத்ததும் நான். அவர்மேல் எனக்குக் கோபம் இருந்திருக்க வேண்டும் என்று நீங்கள் தேடுகிறீர்கள். வீண் வேலை. நான் அவரை மிகவும் விரும்பினேன்.

அவர் அந்த வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

“மச்சான், இது வளைவுல தலையை ஆட்டுது. ஆகாது.”

“கொஞ்சம்தானே மாப்பிள்ளை. தானா அடங்கிடுதே.”

“என் கையில அடங்குது. பல்லு பிடுங்குறவர் கையில அடங்குமா?”

ஃப்ரேம் பிரிவில் ஒரு பெண் பொறியாளர் இருந்தார். ஃப்ரேம் மேடம் என்போம். அவர் டேங்க்குக்கு அடியில், கைப்பிடிக் கழுத்தையும் சட்டத்தையும் இணைத்து ஒரு எஃகுப் பட்டை போட்டார். முழங்கை நீளம், நான்கு போல்ட். அவ்வளவுதான், வண்டி தண்டவாளத்தில் போவதுபோல அடங்கிவிட்டது. மாப்பிள்ளை மேடத்துக்குக் கைகொடுத்தார். மேடம் என்னிடம் திரும்பி, “பின்னாடி ஆள் உட்கார்ந்தா இன்னும் குறைஞ்ச வேகத்துலயே ஆட ஆரம்பிக்கும் சார், அப்போ அடங்கவும் அடங்காது. பட்டை கண்டிப்பா வேணும்” என்றார். நான் தலையசைத்தேன். நன்றாகக் கேட்டுக்கொண்டேன், ஐயா. கேட்கவில்லை என்று நான் எங்கும் சொன்னதில்லை.

பட்டை போட்ட வண்டியைப் பல் மருத்துவரிடம் கொடுத்தேன். போனார், வந்தார். “ம், நல்லா இருக்கு” என்றார். மனைவிக்குப் போன் செய்யவில்லை.

என் உழைப்பெல்லாம் அந்த ‘ம்’மில் முடிந்துபோனதை நீங்கள் கற்பனை செய்துபார்க்க வேண்டும். முதலாளியிடம் போனேன். பட்டை இல்லாமல் விற்கலாம், எந்த வாடிக்கையாளரும் காபிக் கடைக்குப் போகும் வழியில் அந்த வேகத்தைத் தொடப்போவதில்லை, தொட்டாலும் ஒரு தலையாட்டல், அதற்குத்தானே காசு கொடுக்கிறார் என்று விளக்கினேன். முதலாளி புத்திசாலி. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “ஆணி வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டும், பார்க்கலாம்” என்றார்.

எங்கள் கம்பெனி வழக்கம் ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். முதலாளியின் அப்பா காலத்திலிருந்து இருப்பது. எந்தப் புது வண்டியும் ஆயிரம் சோதனையில் தேறினாலும், கடைசியாகத் தலைமை ஓட்டுநர் அதை மாலையில் தன் வீட்டுக்கு ஓட்டிப்போக வேண்டும். வீட்டில் இருக்கும் ஒருவரைப் பின்னால் ஏற்றி ஒரு சுற்று போய் வர வேண்டும். மறுநாள் காலை கேன்டீனில் எல்லார் முன்னாலும் முதலாளி கேட்பார்: “வீட்டுல என்ன சொன்னாங்க?” பதிலைப் பொறுத்துத்தான் உற்பத்தி. இவ்வளவு பெரிய கம்பெனி ஒரு வீட்டம்மாளின் ஒரு வார்த்தைக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அழகான வழக்கம் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள்.

மாப்பிள்ளை மறுத்துவிட்டார். பட்டை இல்லாத வண்டியை வீட்டுப் பக்கம் கொண்டுபோக மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். கெஞ்சிப் பார்த்தேன். வீட்டுக்குச் சாப்பிட அழைத்து, வயிறு நிறைந்தபின் பேசிப் பார்த்தேன். பக்கத்து அறையில் அவருடைய சின்ன மகளுக்கு என் மனைவி தலைவாரிக்கொண்டிருந்தாள். என் தங்கை சமையலறையிலிருந்து, “அண்ணா, சோத்தைப் போட்டுட்டு ஆபீஸ் கதையா?” என்று சத்தம் போட்டாள்.

மாப்பிள்ளை குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மச்சான், ஊருக்கு ஆயிரம் வண்டி வித்துக்கங்க, அது உங்க மனசாட்சி. ஆனா எனக்குப் பின்னாடி உட்காரப்போறது அவதான். உங்க தங்கச்சி.”

நான் அவரை அணைத்துக்கொண்டேன். “சரி மாப்பிள்ளை. பட்டை போட்டே தர்றேன். எனக்கும் அவ தங்கச்சிதானே” என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெரிய உடம்புக்காரர்கள் எளிதில் கலங்குகிறார்கள்.

அந்த நேரத்தில் நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மேடம் பட்டையை உண்மையாகவே போட்டுக் கொடுத்தார். வண்டி தயாராகி என் பிரிவின் கூடத்தில் நின்றது. கறுப்பு, அடர்ந்த கறுப்பு. சாப்பாட்டு இடைவேளையில் எல்லாரும் போனபின் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் காலை கேன்டீனில் மாப்பிள்ளை என்ன சொல்வார் என்பது என் காதில் விழுந்தது. “வீட்டுல நல்லா இருக்குன்னாங்க.” கேன்டீன் கைதட்டும். பிறகு உற்பத்தி, விளம்பரம், ஷோரூம். ஊரெல்லாம் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு வேறு வண்டி வாங்கிக்கொண்டு போகும்.

ஸ்பேனரை நான் கையில் எடுத்துப் பல காலமாகியிருந்தது. போல்ட்கள் இறுக்கமாக இருந்தன. மேடம் எதையும் அரைகுறையாகச் செய்பவர் அல்ல. டேங்க்கைத் திரும்ப மாட்டி, மேலே என் கைரேகை பதிந்த இடங்களைத் துணியால் துடைத்தேன். அதை நீங்கள் தடயத்தை அழித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பளபளக்கும் கறுப்பில் விரல் அடையாளம் எவ்வளவு அசிங்கமாகத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியாது. பட்டை என் அறையில் இருக்கிறது. ஜன்னலோரம் பூந்தொட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன், தொட்டி சாயாமல் நிற்கிறது.

மாலையில் மாப்பிள்ளை வந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, புதுச் சட்டை போட்டிருந்தார். டேங்க்கைத் தட்டி, “பட்டை போட்டாச்சா மச்சான்?” என்றார்.

“போட்டாச்சு மாப்பிள்ளை” என்றேன்.

போட்டது உண்மைதான். கழற்றியாகிவிட்டதா என்று அவர் கேட்கவில்லை. நீங்கள் இப்படி என்னைப் பார்ப்பது எனக்குப் புரிகிறது, ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். பட்டை இல்லை என்று தெரிந்தால் அவர் பயந்து பயந்து ஓட்டுவார். பயந்தவன் ஓட்டுவதை வைத்து ஒரு வண்டியை எடைபோடுவது வண்டிக்குச் செய்யும் அநியாயம். மருத்துவர்கள் புது மாத்திரையைச் சோதிக்கும்போது எது மருந்து, எது வெறும் மாவு என்று நோயாளியிடம் சொல்வதில்லை. அதற்குப் பெயர் அறிவியல். நான் செய்தால் மட்டும் அதற்கு உங்கள் புத்தகத்தில் வேறு பெயர் இருக்கிறது.

அவர் கிளம்பியபின் தங்கைக்குப் போன் செய்தேன். இதை அவள் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டாள். அவளுக்கு அண்ணன்மேல் எப்போதும் பாசம் அதிகம்.

“மாப்பிள்ளை வண்டியோட வர்றாரும்மா. நல்ல புடவையாக் கட்டாதே, பேன்ட்டே போட்டுக்க.”

“என்னண்ணா, எனக்கு ரெண்டு நாளா இடுப்பு வலி. சும்மா தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்துடறேனே.”

“தெருமுனை வரைக்கும் போறதுக்கு இந்த வண்டி எதுக்கு? புறவழிச் சாலைக்குப் போகச் சொல்லு. மேம்பாலம் ஏறினதும் நீளமா ஒரு வளைவு வருமே, அங்க ஒரு இழு இழுக்கச் சொல்லு. நீ சொன்னா தட்டமாட்டாரு. அண்ணனுக்காக.”

“சரிண்ணா, உனக்காக” என்றாள்.

அவளுக்கு ஒரு சந்தோஷம் கிடைக்கட்டும் என்றுதான் சொன்னேன். கல்யாணமானதிலிருந்து அடுப்படி, பள்ளிக்கூட வாசல், மாமியார் வீடு என்றே சுற்றிக்கொண்டிருந்தவள். வாழ்க்கையில் ஒருமுறையாவது அந்த நடைபாதைச் சிரிப்பை அவள் முகத்தில் பார்க்க ஆசைப்பட்டேன். மறுநாள் கேன்டீனில் மாப்பிள்ளை, “வீட்டுல ஐயோன்னு கத்திட்டாங்க” என்று சொல்ல, முதலாளி விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும். இதைத் தவிர எனக்கு வேறு எண்ணமே இல்லை.

மேம்பாலத்தில் என்ன நடந்தது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மேடம் சொன்னது சரியாக இருந்தது. ஆணி கடைசிவரை கைப்பிடியை விடவில்லை என்று பின்னால் வந்த காரோட்டி சொன்னாராம். அவர் வேலையில் அவரைக் குறைசொல்ல ஒன்றுமே கிடையாது, இதை எங்கு வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கிறேன்.

தங்கை பிழைத்துக்கொண்டாள். இடுப்புக்குக் கீழே இனி உணர்வு இருக்காது என்றார்கள். ஆஸ்பத்திரியில் அவளுக்கு நினைவு திரும்பியபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். குழந்தையைக் கேட்கவில்லை, அவரைக் கேட்கவில்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது போலிருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அண்ணா, பட்டை போட்டிருந்துச்சா? அவர் உன்கிட்ட கேட்டாராமே.”

“போட்டிருந்தேம்மா. அவர்தான் கொஞ்சம் வேகமாப் போயிட்டாரு” என்றேன்.

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். “நான்தாண்ணா இழுக்கச் சொன்னேன்” என்றாள். பிறகு வெகுநேரம் அழுதாள். நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் புருஷனோடு அண்ணனையும் ஒரே நாளில் இழந்திருப்பாள். அந்த இரண்டாவது நஷ்டத்தை அவளுக்கு மிச்சப்படுத்தினேன்.

பிறகு நடந்தது உங்களுக்கு வியப்பாக இருக்கும். வண்டியைக் கைவிட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். செய்தி வெளியான வாரத்தில் ஷோரூம்களில் போன் ஓயவில்லை. ஆணியையே தூக்கிப்போட்ட வண்டியா, எப்போது வரும், முன்பதிவு உண்டா என்று கேட்கிறார்கள். பல் மருத்துவர் இரண்டு வண்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார், ஒன்று தம்பிக்காம். முதலாளி என்னை அழைத்து, மாப்பிள்ளை நினைவாக முழுக் கறுப்பில் ஒரு சிறப்பு வகை கொண்டுவரலாமா என்று ஆலோசனை கேட்டார். டேங்க்கில் ஓர் ஆணியின் படம் வரைந்தால் கண்ணியமாக இருக்கும் என்று சொன்னேன். வடிவமைத்தும் கொடுத்தேன். பட்டையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மேடம் மட்டும் வேலையை விட்டுவிட்டு உங்களிடம் வந்திருக்கிறார். கெட்டிக்காரப் பெண், ஆனால் வண்டி யாருக்காகச் செய்யப்படுகிறது என்பது அவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

மாப்பிள்ளையின் மகள் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். என் மனைவி கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு நானே காரில் கொண்டுபோய் விடுகிறேன், பெல்ட் போடாமல் வண்டியைக் கிளப்புவதில்லை. இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆக, பட்டையைக் கழற்றியது நான். பின்னால் ஆள் உட்கார்ந்தால் வண்டி அடங்காது என்று தெரிந்துதான் கழற்றினேன். பின்னால் உட்காரப்போவது யார் என்று தெரிந்துதான் போன் செய்தேன். தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது, நீங்கள் எழுதி வைத்திருப்பது இங்கிருந்தே தெரிகிறது. அதன் கீழே கையெழுத்துப் போட எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு வண்டியை உண்மையாக நேசித்த ஒருவன் செய்ததென்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். பட்டை இல்லாத அந்த வண்டியில் நான் ஒருநாளாவது ஏறிப் பார்த்திருக்கிறேனா என்று. முதலாளி பலமுறை வற்புறுத்தினார்தான். என்ன கேள்வி, ஐயா. நான் பிள்ளைகுட்டிக்காரன்.